தாவரவியற் பெரியார் ஹென்றி திரைமன்

பெயர் ஒன்று, அப்பெயராற் சுட்டப்படும் பொருள் ஒன்று. இவ்விரண்டும் பிணைந்து நிற்குமளவும் அறிவு வளரும். பிணைப்பு அறுந்துவிடின் பெயர் வெறும் ஒலியாய் எஞ்சும். இவ்வுண்மையைத் தமிழ் கற்போர் நன்கு அறிவர். குறிஞ்சிப்பாட்டிலே கபிலர் 99 மலர்களை நிரல்பட வைத்தார். அவற்றுள் ஒன்று காஞ்சி. புறத்திணையொன்றுக்கே பெயர் தந்த அம்மரம் யாது என வினவின், பூவரசே அது என்பார் ஒரு சாரார். ஆற்றுப்பூவரசு என்னும் பிறிதொரு மரம் என்பார் மற்றொரு சாரார். பாட்டு உளது, உரையும் உளது, ஆயினும், கபிலர் கண்ட பூங்கொத்தை உலர்த்தித் தாளிலே ஒட்டிப் பெயரெழுதி வைத்தவர் எவருமிலர். ஆதலின் அவ்வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை.

நம் இலங்கைத் தீவிலே இயற்கையாக வளரும் பூக்குந் தாவரங்களுக்கு இத்தகைய ஐயப்பாடு நேராவண்ணம், பெயரையும் பொருளையும் பிணித்து வைக்கும் பணியிலே தம் உடல்நலத்தையும் பொருட்படுத்தாது உழைத்தவர் ஹென்றி திரைமன் என்னும் பெருமகனார். எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் நாம் நாள்தோறும் காணும் பூவரசும், நீர்ப்பருத்தியும், துத்தியும், விண்ணாங்கும் உலக அறிவியலில் இன்ன பெயருடையன, இன்ன குடும்பத்தன என்று ஐயந்திரிபற அறிய விரும்புவோர் அவருடைய நூலையே முதற்கண் நாடவேண்டியவராவர். விழா மலரொன்றிலே, மலர்களை ஆராய்ந்து வாழ்ந்த ஒருவரின் வரலாறு இடம்பெறுதல் பொருத்தமுடைத்தே.

இளமையும் கல்வியும்

திரைமன் இலண்டன் மாநகரில் 1843 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 26 ஆம் நாள் பிறந்தார். இவருக்கு மூத்தவரான ரோலண்ட் திரைமன் என்பாரும் இயற்கை ஆராய்ச்சியாளரே. அண்ணன் தென்னாபிரிக்காவிலே வண்ணத்துப்பூச்சிகளை ஆராய்ந்து புகழெய்தினார்; தம்பி அவை நாடும் மலர்களை ஆராய்ந்து இலங்கையிலே புகழெய்தினார். ஒரு வீட்டில் வளர்ந்த இருவர் பூவையும் பூச்சியையும் பங்கிட்டுக்கொண்டமை வியப்பிற்குரியது.

சிறு வயது தொட்டே செடிகொடிகளிற் பேரார்வம் கொண்டிருந்த இவர், இலண்டன் கிங்ஸ் கல்லூரியில் மருத்துவம் பயின்று, 1865 இல் இலண்டன் பல்கலைக்கழகத்து மருத்துவப் பட்டம் பெற்றார். வாந்திபேதி என்னும் கொள்ளைநோய் இலண்டனிற் பரவிய காலத்தில், நகரின் ஒரு பகுதிக்கு மருத்துவராயிருந்து பணிபுரிந்தார். எனினும் மருத்துவத்தொழில் இவர் உள்ளத்தை முற்றும் ஈர்க்கவில்லை. 1866 இல், பூக்குந் தாவரங்கள் அனைத்திலும் மிகச் சிறியதாகிய வூல்பியா என்னும் நீர்ச்செடி இங்கிலாந்திலும் வளர்கின்றது என்பதை இவர் கண்டறிந்தார். குண்டூசித் தலையளவேயுள்ள பச்சைத் துணுக்கு அது. பிறர் பாசியென்று கருதிக் கடந்துபோவதனுள் பூக்குஞ் செடியொன்றைக் கண்ட அக்கண்களே, பின்னர் இலங்கைக் காடுகளைத் துருவி நோக்கின.

பின்னர் இலண்டனிலுள்ள மருத்துவக் கல்விக்கூடமொன்றிலே தாவரவியல் விரிவுரையாளராகிய இவர், 1869 இல் பிரித்தானிய நூதனசாலையின் தாவரவியற் பகுதியில் அமர்ந்தார். அவ்வாண்டிலேயே, தம் நண்பர் தைசல்தன் டையரோடு சேர்ந்து மிடில்செக்ஸ் நாட்டுத் தாவரங்களைப் பற்றிய நூலொன்றை வெளியிட்டார். அதன்பின் தாவரவியல் இதழொன்றின் ஆசிரியப் பொறுப்பையும் ஏற்றார். பேராசிரியர் ரொபட் பென்றிலியோடு இணைந்து 1875 முதல் 1880 வரை இவர் வெளியிட்ட மருந்துச் செடிகள் பற்றிய நூல் நான்கு பெருந்தொகுதிகளையுடையது. வண்ணப்படங்கள் நிறைந்த அந்நூலில் மருத்துவரும் தாவரவியலாளரும் ஒருவராய் நிற்பதைக் காணலாம்.

பழைய தாள்கள் கூறிய கதை

பிரித்தானிய நூதனசாலையிலே திரைமன் பணிபுரிந்த காலம், இலங்கைக்கு அவர் வருவதற்கு முன்னரே அவரை இலங்கையோடு பிணித்துவிட்டது எனலாம். அங்கே பழைய தொகுதிகள் சில இருந்தன. அவற்றின் வரலாற்றைச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும்.

ஒல்லாந்தர் இலங்கையின் கரையோரத்தை ஆண்ட காலத்தில், 1672 அளவில், போல் ஹெர்மன் என்னும் மருத்துவர் ஒல்லாந்தக் கும்பனியின் ஊழியராக இங்கு வந்தார். சில ஆண்டுகள் தங்கி, கொழும்பைச் சூழ்ந்த நாட்டிலே செடிகளைப் பறித்து, உலர்த்தி, தாள்களில் ஒட்டிச் சேர்த்தார். பின்னர் ஒல்லாந்து சென்று லெய்டன் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராயிருந்து 1695 இல் இறந்தார். அவர் சேர்த்த தாள்கள் கைமாறிக் கண்மறைந்தன. ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழிந்து, 1744 இல், அவை கோப்பன்ஹேகன் நகரத்து மருந்துக்கடைக்காரர் ஒருவரிடம் வெளிப்பட்டன. அவர் அவற்றைச் சுவீடன் நாட்டுப் பேரறிஞர் லின்னேயசு என்பாருக்கு அனுப்பி வைத்தார். லின்னேயசு இலங்கையை ஒருநாளும் கண்டவரல்லர். ஆயினும் அத்தாள்களை ஆராய்ந்து, 1747 இல் இலங்கைத் தாவரங்கள் பற்றி இலத்தீன் மொழியில் ஒரு நூல் செய்தார். 1753 இல் உலகத்துச் செடிகளுக்கெல்லாம் சாதிப்பெயர் ஒன்றும் இனப்பெயர் ஒன்றுமாக இருபெயர் சூட்டியபோதும், இலங்கைச் செடிகள் பலவற்றுக்கு ஹெர்மனின் தாள்களே அவருக்குச் சான்றாயின.

அத்தாள்கள் ஈற்றிலே பிரித்தானிய நூதனசாலையை அடைந்தன. அவற்றின் பெருமையை உணர்ந்த திரைமன், பிற்காலத்தில் இலங்கைச் செடிகளை உயிரோடு கண்டு தேர்ந்தபின், அவ்வுலர்ந்த செடிகள் ஒவ்வொன்றும் இன்னதென ஒப்புநோக்கி 1887 இல் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார். ஒல்லாந்தர் காலத்திற் பறித்த கொப்பு, சுவீடனிற் பெற்ற பெயர், இலங்கையில் இன்றும் பூத்துநிற்கும் மரம் ஆகிய மூன்றும் அக்கட்டுரையில் ஒருங்கு பிணைக்கப்பட்டன. காஞ்சிக்குக் கிடையாத பேறு நம் நாட்டுச் செடிகள் பலவற்றுக்குக் கிடைத்தது இவ்வாறே.

இலங்கைக்கு வருகை

பேராதனைத் தாவரவியற் பூங்கா 1821 இல் நிறுவப்பட்டது. அதன் தலைவராயிருந்த அலெக்சாண்டர் மூன் என்பவர் 1824 இல் இலங்கைச் செடிகளின் அட்டவணையொன்றை அச்சிட்டார். 1849 முதல் அப்பதவியிலிருந்த துவெயிற்று என்னும் அறிஞர், 1858 முதல் 1864 வரை, இலங்கைத் தாவரங்களை எண்ணித் தொகுத்து இலத்தீனில் ஒரு நூல் வெளியிட்டார். அவர் ஓய்வுபெறவே, அவ்விடத்துக்குத் திரைமன் தெரிந்தெடுக்கப்பட்டு, 1880 ஆம் ஆண்டின் தொடக்கத்தில், தம் 36 ஆம் வயதில், பேராதனையை அடைந்தார்.

அக்காலம் இலங்கைக்குப் பெருந்துன்பக் காலமாகும். 1869 இல் தோன்றிய இலைநோயினால் கோப்பித் தோட்டங்கள் அழிந்துகொண்டிருந்தன. தோட்டக்காரர் கடனில் மூழ்கினர். தொழிலாளர் பலர் வேலையிழந்தனர். அரசினர் பூங்காவின் தலைவரிடம் எதிர்பார்த்தது செடிகளின் வகுப்புமுறையன்று; கோப்பியின் இடத்தை நிரப்பவல்ல பயிரையே. திரைமன் இக்கடமையிற் குறைவைத்தாரல்லர். கொயினா மருந்து தரும் சிங்கோனா மரங்களை ஆராய்ந்து, அம்மருந்து மிகுதியாகக் கிடைக்கும் வகைக்கு இலெட்சரியானா என்னும் இனப்பெயரை 1881 இல் முறைப்படி வெளியிட்டவர் இவரே. கொக்கோ, இறப்பர் முதலிய பயிர்களையும் பூங்காக்களில் ஊக்கினார். அநுராதபுரத்திலும் பதுளையிலும் கிளைப் பூங்காக்கள் அமைத்தார். பேராதனையில் மரங்களைக் குடும்பவாரியாக ஒழுங்குபடுத்தி அவற்றுக்குப் பெயர்ப்பலகை இட்டார். பயன்தரு தாவரப் பொருள்களுக்கென ஒரு காட்சிச்சாலையும் வைத்தார். 1888 இல் இலண்டன் அரச கழகம் இவரைத் தன் உறுப்பினராக ஏற்றுக்கொண்டது.

ஆயினும் இவர் உள்ளத்தே கிடந்த எண்ணம் வேறு. இலங்கையில் இயற்கையாய் வளரும் பூக்குந் தாவரங்கள் அனைத்தையும், காட்டிலே கையிற் செடியை வைத்துக்கொண்டு நிற்கும் ஒருவன் தானே இனங்கண்டுகொள்ளும் வகையில் விளக்கும் கைந்நூல் ஒன்றை ஆக்கவேண்டும் என்பதே அது. துவெயிற்றின் நூல் அறிஞர்க்கு உரியது. இலத்தீன் அறியாதார்க்கு அது பூட்டிய பெட்டகம்.

கைந்நூல் உருவான வகை

இதற்காகத் திரைமன் தீவெங்கும் நடந்தார். அந்நாளிற் பயணம் எளிதன்று. மட்டக்களப்புக்கு இருப்புப்பாதை வந்தது 1928 இலேயே; திரைமன் காலத்தில் வறண்ட வலயத்துக் காடுகளுக்கு மாட்டுவண்டியும், குதிரையும், கால்நடையுமே வழி. காய்ச்சல் மலிந்த காடுகளிலும், தனித்து உயர்ந்த ரிதிகலை மலையிலும் ஏறி இறங்கித் தேடினார். பூத்த கொப்பும், காய்த்த கொப்பும் சேர்த்து, உலர்த்தி, இடமும் காலமும் குறித்தார். பேராதனையில் வழிவழியாக ஓவியராயிருந்த ஹரமானிஸ் டி அல்விசும் அவர் மக்களும் செடிகளைப் பார்த்துத் தீட்டிய படங்கள் அவருக்குப் பெருந்துணையாயின. கைந்நூலோடு வெளிவந்த 100 படங்கள் அவ்விலங்கையர் கைத்திறத்துக்குச் சான்று பகர்வன.

முதற் பகுதி 1893 இலும், இரண்டாம் பகுதி 1894 இலும், மூன்றாம் பகுதி 1895 இலும் வெளிவந்தன. ஒவ்வொரு செடிக்கும் அறிவியற் பெயர், முன்னோர் இட்ட பெயர்கள், வேர் முதல் வித்து ஈறாக விளக்கம், பூக்குங் காலம், வளரும் இடம், பயன் ஆகியவற்றை அளவோடு தந்தார். செடிகள் பலவற்றின் எதிரே மட்டக்களப்பு என்னும் இடப்பெயரும் காணப்படும். இவற்றோடு, மக்கள் நாவில் வழங்கிய சிங்களப் பெயரையும் தமிழ்ப் பெயரையும் கேட்டுக் குறித்தார். விறகு வெட்டுவோனும் வைத்தியனும் அறிந்திருந்த பெயர், உலகத்து அறிஞர் படிக்கும் நூலிலே இலத்தீன் பெயரின் அருகே இடம்பெற்றது. செடியின் பெயரை அறிந்தவன் எத்தொழிலோனாயினும் அவன் சொல் மதிக்கப்படவேண்டும் என்னும் பண்பு இதனுள் அடங்கியுளது.

செவ்வரத்தைக் குடும்பம்

அவர் செடிகளை வகுத்த முறையை ஒரு குடும்பத்தைக் கொண்டு விளக்குவோம். மல்வேசியே என அறிவியலார் கூறும் குடும்பம் வெப்பநாடுகளிற் பெருகியது. நம் வாவிக்கரையிலோ முற்றத்திலும் வேலியிலும் உளது. முதற்பகுதியிலேயே திரைமன் அதனை விளக்கினார்.

செவ்வரத்தைப் பூ ஒன்றைக் கையில் எடுத்து நோக்குக. ஐந்து இதழ்களும் ஒன்றன்மேலொன்று படிந்து முறுக்கிய அரும்பாய் இருந்தவை. நடுவே நீண்டு நிற்பது குழாய். கேசரங்கள் பலவும் அடியில் ஒன்றாய் இணைந்து அக்குழாயை ஆக்குகின்றன. லின்னேயசு இவ்விணைப்பைக் கண்டு, ஒரே உடன்பிறப்புக் கூட்டம் எனப் பொருள்படும் பெயரை இவ்வகுப்புக்கு இட்டார். ஆயின், அவர் கேசரங்களை மட்டுமே அடிப்படையாகக் கொண்டமையால் உறவற்ற செடிகளும் சில ஒரு வகுப்பிற் சேர்ந்தன. பின்வந்த அறிஞர் வேர், இலை, பூ, காய், வித்து ஆகிய எல்லா உறுப்புக்களையும் ஒப்புநோக்கி இயற்கைக் குடும்பங்களை வகுத்தனர். பெந்தாம், ஊக்கர் என்னும் இருவரும் 1862 முதல் 1883 வரை வெளியிட்ட அத்தகைய வகுப்புமுறையையே திரைமன் தம் நூலுக்குச் சட்டகமாகக் கொண்டார்.

அதன்படி, கேசரங்கள் குழாயாய் இணைந்து மகரந்தக்கூடு ஓரறையுடையதாயின் அது செவ்வரத்தைக் குடும்பம். பருத்தி, பூவரசு, நீர்ப்பருத்தி, துத்தி, வெண்டி ஆகியவை இவ்வகையின. முள்ளிலவையும், மன்னாரிலே பெருத்து நிற்கும் பெருக்கமரத்தையும் இக்குடும்பத்தின் ஒரு கிளையாகவே வைத்தனர். கேசரங்கள் இணைந்தும் மகரந்தக்கூடு ஈரறையுடையதாயின் அது வேறொரு குடும்பம். விண்ணாங்கும் கொக்கோவும் அதிற் சேர்ந்தன. கேசரங்கள் இணையாது தனித்தனியே நின்று கூடு ஈரறையுடையதாயின் அது மூன்றாவது குடும்பம். திருகோணமலை மரம் எனப் பிறநாட்டார் புகழ்ந்ததும், சென்னைக் கரையிலே மசூலாப் படகு கட்ட ஏற்றிச் செல்லப்பட்டதுமாகிய சாவண்டலை அதிற் சேர்ந்தது.

குடும்பத்தினுள்ளே சாதிகளைப் பிரிக்கும் நுட்பமும் அறியத்தக்கது. பூவரசையும் நீர்ப்பருத்தியையும் எடுத்துக்கொள்வோம். இரண்டும் வாவியோரத்துச் சதுப்பை அடுத்து நிற்பன. இரண்டுக்கும் இலை நெஞ்சுருவினது, பூ மஞ்சள், நடுவே கருஞ்சிவப்பு, வாடுங்கால் இரண்டும் நிறம் மாறிச் சிவக்கும். பூவரசின் இலை தம் நாட்டுப் பொப்புலர் மரத்தின் இலையை ஒத்திருத்தல் கண்டு, அதனைக் குறிக்கும் இனப்பெயரை இட்ட லின்னேயசு, அதனைச் செவ்வரத்தையின் சாதியிலேயே சேர்த்தார். அவர் மாணவர் சொலாந்தர், கப்பித்தன் குக்கோடு பசிபிக் கடலிற் சென்று, தாகித்தித் தீவிலே வழிபாட்டிடங்களிற் பூவரசு நின்றமை கண்டு, தெய்வத்தன்மையுடையது என்னும் கருத்தில் தெஸ்பீசியா என்னும் சாதிப்பெயரைக் கருதினார். அது 1807 இல் கொறையா என்னும் அறிஞரால் வெளியிடப்பட்டது.

இவ்விரு சாதிகளுக்கும் வேற்றுமை யாதெனின், சூலகத்தினின்று எழும் தம்பத்தின் நுனியை நோக்குக. நீர்ப்பருத்தியிலும் செவ்வரத்தையிலும் அது ஐந்தாய்க் கிளைத்து, ஒவ்வொரு கிளையும் ஒரு குறியைத் தாங்கும். பூவரசிலோ அது கிளையாது, கதாயுதம்போற் பருத்து முடியும். காயும் வேறு: நீர்ப்பருத்தியின் காய் ஐந்தாய் வெடிக்கும், பூவரசங்காய் எளிதில் வெடியாது, கடல்நீரில் மிதந்து நெடுந்தொலைவு செல்லும். ஆபிரிக்கக் கரை முதல் பசிபிக் தீவுகள் வரை அம்மரம் கரையோரமெங்கும் பரவியமைக்கு இதுவும் ஒரு காரணம். துத்தியிலே புல்லிவட்டத்துக்கு வெளியே வேறு சிற்றிலை வட்டம் இல்லை. காய் சக்கரம்போல் அமைந்தது. வெண்டியிலோ புல்லிவட்டம் ஒருபுறம் கிழிந்து இதழோடு உதிரும். இவற்றைக் காண்பதற்கு உருப்பெருக்கியும் வேண்டுவதில்லை. கண்ணும் பொறுமையும் போதும்.

மாறியதும் மாறாததும்

திரைமன் காலத்து வகுப்புமுறை இன்று அப்படியே நிற்கின்றதோ எனின், இல்லை. பின்வந்தோர் இலவையும் பெருக்கமரத்தையும் பிரித்துத் தனிக்குடும்பம் ஆக்கினர். ஆக நான்கு குடும்பங்கள் ஆயின. பின்னர் உயிரணுவின் உள்ளிருக்கும் மரபுப்பொருளையே ஒப்புநோக்கும் முறை தோன்றிற்று. அதன் பயனாக 1998 இல் அறிஞர் குழுவினர் அந்நான்கையும் மீண்டும் ஒன்றாக்கி, மல்வேசியே என்னும் ஒரே பெருங்குடும்பமாக வகுத்தனர். ஆதலின் இன்று பருத்தியும், விண்ணாங்கும், சாவண்டலையும், இலவும், கொக்கோவும், தூரியனும் ஒரு குடும்பத்தினவே. வெண்டி செவ்வரத்தையின் சாதியினின்றும் பிரிந்து வேறு பெயர் பெற்றது. நீர்ப்பருத்திக்கும் 2001 இல் ஓர் அறிஞர் வேறு சாதிப்பெயர் கூறினார்.

அங்ஙனமாயின் திரைமனின் உழைப்பு வீணோ? அன்று. குடும்பத்தின் எல்லையை மாற்றலாம், சாதிப்பெயரை மாற்றலாம், ஆயின் இன்ன மரம் இன்ன இடத்தில் நின்றது, இன்ன மாதத்திற் பூத்தது, அதன் தம்பம் இவ்வாறு முடிந்தது, ஊரார் அதனை இன்ன பெயரால் அழைத்தனர் என்னும் காட்சியை எவரும் மாற்றவியலாது. கொள்கை பழுதாயினும் காட்சி பழுதாகாது. வீட்டின் கூரையைப் புதுக்குவோர் அத்திவாரத்தைக் கிண்டுவதில்லை. 1980 முதல் பல தொகுதிகளாக வெளிவந்த திருத்திய கைந்நூலும் திரைமன் இட்ட அத்திவாரத்தின்மேல் எழுந்ததே.

இறுதிக் காலம்

கைந்நூலின் பகுதிகள் வெளிவந்துகொண்டிருந்த ஆண்டுகளிலேயே அவர் உடல் தளர்ந்தது. செவிப்புலன் குன்றிற்று, கால்கள் செயலிழந்தன. காடெல்லாம் நடந்த மனிதர் பேராதனையிலே நாற்காலியில் அடங்கினார். ஊர்ப்பெயர்களைக் கேட்டறிந்த செவிகள் அடைபட்டன. ஆயினும் உலர்ந்த தாள்களை மேசைமேற் பரப்பி, நூலைத் தொடர்ந்து எழுதினார். தாய்நாடு திரும்பி ஓய்வெடுத்திருந்தால் எவரும் குறைகூறியிரார். நூல் முடியவில்லை என்பதொன்றே அவர் கவலை. மூன்று பகுதிகளைக் கண்ட அவர், எஞ்சியவற்றைக் காணாமலே, 1896 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 16 ஆம் நாள், தம் 53 ஆம் பிறந்தநாளுக்குப் பத்து நாள் இருக்கையில், இலங்கையிலேயே காலமானார்.

அந்நூல் முடியாது நின்றிருப்பின் அது பெரும் இழப்பாயிருக்கும். ஆனால், கியூ பூங்காவின் தலைவராயிருந்து ஓய்வுபெற்ற யோசேப் ஊக்கர், அப்பொழுது எண்பதை அணுகிய முதியவர், அப்பணியைத் தாமே ஏற்றார். திரைமன் விட்டுச்சென்ற குறிப்புக்களைக் கொண்டு நான்காம் பகுதியை 1898 இலும், ஐந்தாம் பகுதியை 1900 இலும் நிறைவேற்றினார். தம்மினும் 26 வயது இளையவரின் நூலை, அவர் பெயராலேயே முடித்துக்கொடுத்த முதியவரின் பெருந்தன்மை போற்றற்பாலது. 1931 இல் அல்ஸ்ரன் என்பார் அனுபந்தம் ஒன்று சேர்த்தார். பசிபிக் தீவுகளில் வளரும் ஒரு தாவரச் சாதி, திரைமன் நினைவாகத் திரைமேனியா என்னும் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

நமக்குரிய கடமை

பெரியாரைப் போற்றும்போது அவர் பணியின் எல்லையையும் உணர்தல் நேர்மையாகும். திரைமன் குடியேற்ற அரசின் ஊழியர். அவர் காத்த பூங்கா, மக்களின் வயலுக்காகவன்றித் துரைமாரின் தோட்டங்களுக்காகவே பெரிதும் நடத்தப்பட்டது. அவர் நூல் ஆங்கிலத்தில் எழுந்தது. தமிழ்ப் பெயர்களை உரோம எழுத்திலே குறித்தார். தமிழாசிரியர்க்கு இஃது ஒரு பெருங்குறை. லகர ளகர ழகரமும், நகர னகர ணகரமும், ரகர றகரமும் அவ்வெழுத்திலே மயங்கும். பூவரசு போல எங்கும் வழங்கும் பெயரில் ஐயமில்லை. ஆயின், ஒருசில ஊர்களிலே மட்டும் வழங்கிய காட்டுச்செடிகளின் பெயர்கள், அவற்றை அறிந்த முதியோர் மறைந்தபின், சரியான எழுத்திலே மீளுமோ? மீளாவிடின், காஞ்சிக்கு நேர்ந்தது அவற்றுக்கும் மறுதலையாய் நேரும். அங்கே பெயர் இருக்கின்றது, மரம் தெரியவில்லை. இங்கே மரம் நிற்கும், பெயர் தெரியாது.

இக்குறையை நிரப்பவேண்டியது இலண்டன் அறிஞரன்று, நாமே. நம்முன்னோர்க்கு இது புதிய பணியுமன்று. புறத்தே வைரமுடையது புல், அகத்தே வைரமுடையது மரம் எனத் தாவரங்களை வகுத்துக்கண்ட தொல்காப்பியம் நம்முடையது. காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகளார், அறிவியற் பட்டமும் தமிழ்ப் புலமையும் ஒருங்கு பெற்று, 1936 இல் சென்னையிற் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். அவர் பிறந்த மண்ணிலே, ஒரு செடியின் அறிவியற் பெயரை அறிந்த மாணவன் அதன் தமிழ்ப்பெயரை அறியான், தமிழ்ப்பெயரை அறிந்தவன் செடியை அறியான் என்னும் நிலை இருத்தல் தகாது.

மாணவர்காள், கடினமான பணியொன்றை உங்களிடம் வேண்டவில்லை. வேலியிற் கதியாலாய் நிற்கும் பூவரசிலிருந்தே தொடங்குங்கள். பூவோடும் காயோடும் ஒரு கொப்பை எடுத்துப் பழைய செய்தித்தாளின் இடையே அழுத்தி உலர்த்துங்கள். தாளில் ஒட்டி, எடுத்த ஊரையும் நாளையும் எழுதுங்கள். வீட்டிலுள்ள பாட்டனாரையும் பாட்டியாரையும், படுவான்கரை வைத்தியரையும், வாவியில் வலைவீசும் மீனவரையும் கேட்டு, அவர்கள் சொல்லும் பெயரை அவர்கள் ஒலிக்கும் எழுத்திலேயே பொறியுங்கள். கல்லூரி நூலகத்தில் ஓர் அலுமாரி இதற்குப் போதும். பழைய மாணவர் அவ்வலுமாரியை உதவலாம். ஆசிரியர் பெயர்களைச் சரிபார்க்கலாம். உலர்ந்த தாள் எத்துணைக் காலம் பேசும் என்பதற்கு ஹெர்மனின் தாள்களே சான்று.

கால்கள் தளர்ந்து, செவியும் அடைபட்ட பின்னரும், பிறந்த நாடல்லாத இத்தீவின் செடிகளுக்காக ஒருவர் இறுதிவரை எழுதினார். பிறந்த மண்ணின் செடிகளுக்காக, நல்ல கண்ணும் காலும் உடைய நாம் ஒரு தாளேனும் எழுதுவோமாக.